மகளிடம் கேட்டீர்களா?



தவக்காலம் முடிந்ததும் திருமண ஓலைகள் வரத் தொடங்கும். இராஜபாளையத்தில் மண்டபம் பார்த்தாயிற்று, ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாவுக்கும் சொல்லியாயிற்று என்பார்கள். "பிள்ளையிடம் கேட்டீர்களா?" என்றால், "அவ ஒண்ணும் சொல்லல சாமி" என்று பதில் வரும். மௌனம் சம்மதமாம்!

மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாள். நாசரேத்தில் மரியா என்ற இளம்பெண்ணிடம் கபிரியேல் தூதர் வருகிறார். ஒரு மகனைப் பெறுவாய் என்பது கடவுளே அனுப்பிய செய்தி, சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவர் போகவில்லை. மரியா கலங்குகிறார், அஞ்சாதே என்கிறார் தூதர். இது எப்படி நடக்கும் என்று மரியா கேட்கிறார், விளக்குகிறார். முதிர்ந்த வயதில் உறவினர் எலிசபெத்து ஆறு மாதக் கர்ப்பிணியாக இருப்பதையும் எடுத்துச் சொல்கிறார். மரியா வாய்திறந்து இசைவு தந்த பிறகே வானதூதர் அகன்றார் என்று லூக்கா எழுதுகிறார். எலிசபெத்தின் கணவர் செக்கரியாவும்தானே தூதரிடம் கேள்வி கேட்டார், அவருக்கு மட்டும் ஏன் பேச்சு நின்றது என்பீர்கள். அவர் கேட்டது நம்பாமல். மரியா நம்பிக்கொண்டே கேட்டார். புரியாததைக் கேட்பது கீழ்ப்படியாமை அல்ல.

மகளிடம் கேட்பது நம் ஊருக்குப் புதிதா? மனிதருக்கு வாழ்க்கைப்பட மாட்டேன் என்று ஆண்டாள் சொன்னபோது, பெரியாழ்வார் அதட்டி அடக்கவில்லை, பிறகு யாரைத்தான் மணப்பாய் என்று கேட்டார் என்கிறது வைணவ மரபு. அந்தத் தகப்பனை எனக்குப் பிடிக்கும்.

1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1057ஆம் எண்ணைப் பாருங்கள். திருமணத்தை உண்டாக்குவது மணமக்களின் சம்மதம். அதை அவர்களுக்காக வேறு எந்த மனிதரும் தர முடியாது. அப்பாவாலும் முடியாது, தாய்மாமனாலும் முடியாது, பங்குச் சாமியான என்னாலும் முடியாது. மிரட்டலுக்கோ கடும் அச்சத்துக்கோ பணிந்து கழுத்தை நீட்டினால் அந்தத் திருமணமே செல்லாது என்கிறது 1103ஆம் எண். மூன்று ஓலை வாசித்து, பாட்டுப் பூசை வைத்து, ஊருக்கே பிரியாணி போட்டாலும் செல்லாது.

அதனால்தான் திருமணத்துக்கு முந்தைய விசாரணையின்போது மணமக்களைத் தனித்தனியே அழைத்துப் பேசுகிறோம். அந்த நேரத்தில் சிலர் கதவருகிலேயே நிற்கிறீர்கள். தயவுசெய்து கெபிப் பக்கம் போய் உட்காருங்கள். உள்ளே பிள்ளை 'வேண்டாம்' என்று சொன்னால், மண்டபத்துக்குக் கட்டிய முன்பணத்தைக் காட்டி அவள் வாயை அடைக்காதீர்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் கூப்பிடுங்கள், நானும் வருகிறேன்.