நிபந்தனையோடு கொடுப்பது தானமாகுமா?

வீட்டுக் கணினிக்கு எந்த இயங்குதளத்தை, அதாவது இயந்திரத்தின் உறுப்புகளையும் அதில் ஓடும் பிற மென்பொருள்களையும் ஆளுகின்ற அடிப்படை மென்பொருளை, நிறுவுவது என்பது பெரும்பாலும் விலையும் வசதியும் சார்ந்த கேள்வியாகவே பேசப்படுகிறது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் முடித்துக்கொண்டபோது, விண்டோஸ் 11 கேட்கும் வன்பொருள் இல்லாத பழைய கணினிகளுக்கு லினக்ஸ் நல்ல மாற்று என்று சொல்லப்பட்டதும் அந்த அளவிலேயே நின்றது. ஆயினும் லினக்ஸின் உரிமத்துக்குள் ஓர் அறக்கேள்வி இருக்கிறது: கொடுத்தவர், கொடுத்த பொருளின்மேல் நிபந்தனை விதிக்கலாமா?

இதனை ஆராயச் சமணரின் பழைய தானமுறை உதவும். கடலூர் மாவட்டத்துத் திருப்பாதிரிப்புலியூர், பண்டு பாடலிபுரம் என்ற பெயரில் சமணக் கல்வியின் இருப்பிடமாக விளங்கியது. சமணர் போற்றும் நால்வகைத் தானங்களாகிய உணவு, அடைக்கலம், மருந்து, சாத்திரம் என்பவற்றுள் இறுதியானது, நூல்களைப் படியெடுத்துக் கற்பார்க்கு வழங்குவது. சர்வநந்தி பிராகிருதத்தில் இயற்றிய லோகவிபாகம் என்னும், உலகத்தின் அமைப்பைச் சொல்லும் நூல் கி.பி. 458-இல் அந்தப் பாடலிபுரத்தில்தான் முற்றுப்பெற்றது என்பர். மூலநூல் மறைந்துவிட்டது, சிம்மசூரி என்பவர் அதனைச் சமஸ்கிருதத்தில் மாற்றி எழுதியதால்தான் அது பற்றி இன்று அறிய முடிகிறது. படிக்க மட்டும் கொடுத்து, மாற்றி எழுதுவதைத் தடுத்திருந்தால் அந்த அறிவு மூலநூலோடு அழிந்திருக்கும்.

மென்பொருளில் அத்தகைய நூலின் இடத்தில் நிற்பது மூலநிரல், அதாவது மென்பொருளை உருவாக்கியவர் எழுதிய, மனிதர் படித்துத் திருத்தக்கூடிய வடிவம். பீங்கான் தட்டை வாங்குபவர் அதன் பளபளப்பைப் பெறுகிறாரேயன்றி, கிளேஸ் என்று தொழிலாளர் வழங்கும் மேற்பூச்சின் கலவையை அறிவதில்லை. மூடிய மென்பொருளை வாங்குபவரின் நிலையும் அதுவே. லினக்ஸ் ஏற்றுள்ள உரிமமோ வேறு. ரிச்சர்ட் ஸ்டால்மன் என்னும் நிரலாளர் 1989-இல் முதலில் வெளியிட்ட ஜிபிஎல் என்னும் அந்த உரிமம், மூலநிரலைப் பெறவும் மாற்றவும் பகிரவும் உரிமை தருகிறது. ஆனால் மாற்றிப் பிறருக்கு வழங்குபவர் அதே உரிமையை அவர்களுக்கும் தந்தாக வேண்டும் என்று விதிக்கிறது. பிஎஸ்டி வகை உரிமங்களோ, பெற்றதை மூடி விற்கவும் இடம் கொடுக்கின்றன.

தானம் என்பது பொருளின்மேல் உள்ள பற்றை விடுவதானால், பிஎஸ்டியே தூய தானம் என்று தோன்றும். இந்த வாதம் வலுவானது. ஆனால் சாத்திரதானத்தின் பயன் ஏட்டைக் கைமாற்றுவதோடு முடிவதில்லை. பெற்றவர் அதனைப் பெட்டியில் பூட்டினால் அடுத்துக் கற்க வருபவருக்குத் தானம் சேராமலே போகிறது. ஜிபிஎல்லின் நிபந்தனை கொடுத்தவருக்கு எதையும் மீட்டுத் தருவதில்லை, இனி வரப்போகிறவரின் பங்கைக் காக்கிறது. லினக்ஸின் மையப் பகுதியான கருவின் (கெர்னல்) பதிப்புரிமை பல்லாயிரம் பங்களிப்பாளரிடையே சிதறிக் கிடப்பதால், 1991-இல் அதனைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸும்கூடத் தனித்து நின்று அதனை மூடிவிட முடியாது. கொடுத்தவரையும் கட்டும் இத்தகைய நிபந்தனையைப் பற்று என்று சொல்வது பொருந்தாது.

மூலநிரலைப் படிக்கத் தெரியாத குடும்பத்துக்கு இந்த உரிமையால் என்ன பயன் என்று கேட்கலாம். ஏட்டுச் சுவடியையும் ஊரார் எல்லோரும் படித்ததில்லை. படிப்பவர் ஊரில் ஒருவர் இருந்தால் போதுமாயிருந்தது. விழுப்புரத்து லினக்ஸ் பயனர் குழு போன்ற தன்னார்வக் குழுக்கள் அந்த ஒருவரை உருவாக்கும் பணியைத்தான் செய்கின்றன. தமிழக அரசு 2011 முதல் மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில், டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விண்டோஸோடு சேர்ந்து வந்ததால், இந்தத் தேர்வு பல வீடுகளுக்கு வெகுநாள் முன்பே வந்து சேர்ந்தது. எனினும் டேலி என்னும் கணக்கு மென்பொருளில் கணக்கெழுதிப் பிழைக்கும் வீட்டுக்கு விண்டோஸ் தேவைப்படுகிறது என்றால் அதனை அறக்குறை என்று பழிப்பது தவறு. அத்தகைய வீடும் தன் கடிதங்களையும் பிள்ளைகளின் பாடக்குறிப்புகளையும் லிப்ரே ஆபீஸ் என்னும் அலுவலக மென்பொருளின் திறந்த கோப்பு வடிவில் சேமித்து வைக்கலாம், இயங்குதளம் மாறினாலும் அவை திறக்கும்.