பிள்ளையின் ஈரலும் பெற்றோரின் கடமையும்



ஈரலில் கொழுப்பு கட்டுவது குடிகாரருக்கு வரும் வியாதி என்பர். மதுவைத் தொடாத பள்ளிப் பிள்ளைகளுக்கும் அது வருகிறது. பெரும்பாலும் நோவின்றி வருகிறது. 2021-ல் இந்திய அரசு இதைத் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்தது.

இது போசனப்பிரியம் என்னும் பாவமோ? ஆகில் யாருடைய பாவம்? 300 மில்லி கலரில் ஏறக்குறைய 30 கிராம் சர்க்கரை உண்டு. வில்லியனூர் மாதா திருநாளன்று ஒன்று குடித்தால் குற்றமில்லை. தினந்தினம் வாங்கிக் கொடுப்பவர் யார்? பிள்ளையைப் பழியாதீர்கள், அவன் உடம்பைப் பரிகசியாதீர்கள். கேட்டதெல்லாம் கொடுப்பது அன்பாகாது.

நாலாங் கற்பனை பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, அவர்களைப் பேணும்படி பெற்றோருக்கும் கட்டளையாகும். ஆகையால் வீடு முழுவதும் மோரும் தண்ணீரும் குடியுங்கள். மாலையில் பிள்ளைகளை ஓடி விளையாட விடுங்கள். உடல் பருத்திருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். காலத்தில் கவனித்தால் பெரும்பாலும் கொழுப்பு வடியும்; ஈரல் தேறும்.