கடற்கரையை மூடும் அதிகாரம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் கடற்கரையில் 1989-இலும் ஒரு பலகை நின்றுகொண்டிருந்தது. ஆங்கிலம், ஆப்பிரிக்கான்ஸ், ஜூலு என மூன்று மொழிகளில் எழுதியிருந்தார்கள். நகரக் கடற்கரைத் துணைவிதிகளின் 37-ஆம் பிரிவுப்படி, குளிப்பதற்கான இந்தப் பகுதி வெள்ளை இனத்தவருக்கு மட்டுமே உரியது என்பதுதான் செய்தி. வசவு இல்லை, மிரட்டல் இல்லை. பூங்காவில் பூப்பறிக்காதே என்று எழுதிவைக்கும் அதே அலுவலகத் தொனி.

பலகை இல்லாத கடற்கரையும் பூங்காவும் எந்த நாட்டிலும் இல்லை. அடுப்பு மூட்டக் கூடாது, மது கூடாது, நாயை அவிழ்த்துவிடக் கூடாது, இத்தனை மணிக்குமேல் இருக்கக் கூடாது. இவற்றில் பெரும்பாலானவை நியாயமானவை. சில, பெரும் அநியாயத்தை மறைத்து நிற்பவை. எழுத்தை மட்டும் படித்தால் எது எது என்று தெரியாது. எல்லோருக்கும் பொதுவான ஒன்றுக்கு எல்லை போடும் அதிகாரம் எங்கிருந்து வருகிறது, எதுவரை செல்லும் என்ற கேள்விக்குத் தென்னாப்பிரிக்கா கொடுத்த விலை பெரிது. அங்கே அது நகராட்சி மன்றத்தோடு நிற்கவில்லை. தேவாலயப் பீடம்வரை போனது.

கரை பொது என்ற எண்ணம் அந்த நாட்டுச் சட்டத்தின் மிகப் பழைய அடுக்கிலேயே இருக்கிறது. கி.பி. 533-இல் பேரரசர் ஜஸ்டினியன் வெளியிட்ட ரோமச் சட்டப் பாடநூல், காற்றும் ஓடும் நீரும் கடலும் கடலோரமும் இயற்கை நீதியின்படி மனிதர் அனைவருக்கும் பொது என்று வகுத்தது. 1652-இல் கேப் முனையில் இறங்கிய டச்சுக்காரர்களோடு ரோமன்-டச்சுச் சட்டமும் வந்து இறங்கியது. ஆகவே கரையைக் கூறுபோட நினைத்தவர்கள் முதலில் தங்கள் சொந்த மரபைத் தாண்டவேண்டியிருந்தது. 1953-இல் வந்த தனித்தனி வசதிகள் ஒதுக்கீட்டுச் சட்டம் அதைச் செய்தது. அதற்கு முன்பு, பிரித்தாலும் தரம் சமமாக இருக்கவேண்டும் என்று நீதிமன்றங்கள் கேட்டன. புதிய சட்டம், சமமாக இருக்கத் தேவையில்லை என்று வெளிப்படையாகவே எழுதிவைத்தது. 1960-இல் ஒரு திருத்தம் கொண்டுவந்து கடலையும் அதற்குள் சேர்த்தார்கள்.

இந்தச் சட்டங்களுக்கு நெடுங்காலம் முன்பே தேவாலயத்துக்குள் ஒரு பிரிவினை நடந்திருந்தது.

1829-இல் கேப் பகுதி டச்சுச் சீர்திருத்தத் திருச்சபையின் மாமன்றத்தில் ஒரு கேள்வி எழுந்தது: நிறம் வேறான விசுவாசிகளுக்குத் திருவிருந்தைத் தனியாகப் பரிமாறலாமா? கூடாது, எல்லோருக்கும் வேறுபாடின்றிச் சேர்த்தே பரிமாறவேண்டும் என்று மாமன்றம் பதில் சொன்னது. பிறகு 1857. அதே மாமன்றம், புதிதாக வருகிறவர்களை ஏற்கெனவே இருக்கும் சபைகளில் சேர்ப்பதுதான் விரும்பத்தக்கது, வேதத்துக்கும் உகந்தது என்று முதலில் ஒப்புக்கொண்டது. அடுத்த வரியிலேயே, சிலருடைய பலவீனம் காரணமாக அது தடைப்படும் இடங்களில் அவர்கள் தனிக் கட்டடத்தில் வழிபடலாம் என்று தீர்மானித்தது. பலவீனம் யாருடையது? பக்கத்தில் அமர்ந்து ஒரே அப்பத்தைப் பிட்டுக்கொள்ளச் சங்கடப்பட்ட வெள்ளையருடையது. வெளியே அனுப்பப்பட்டவர்கள் மற்றவர்கள். 1881-இல் கலப்பினத்தவருக்கென்று தனித் திருச்சபையே ஏற்பட்டது. அடுத்த நூற்றாண்டில், இனங்களைப் பிரித்துவைப்பதே இறைவனின் ஏற்பாடு என்று வாதாடும் இறையியலாளர்கள் வந்துவிட்டார்கள்.

இந்த வரலாற்றில் கவனிக்கவேண்டியது அதன் வரிசை. வெறுப்பு, கொள்கையாக முதலில் வரவில்லை. சிலருக்கு அசௌகரியமாக இருக்கிறது என்ற முறையீடுதான் முதலில் வந்தது. முறையீட்டுக்கு ஒரு சலுகை, சலுகைக்கு ஒரு கட்டடம், கட்டடத்துக்கு ஒரு வேத விளக்கம். கடற்கரையிலும் இதே படிகளில்தான் ஏறினார்கள். யாருடைய சங்கடத்தைத் தீர்ப்பதற்காக யாரை வெளியே அனுப்புகிறோம் என்று கேட்டிருந்தால் 1857 தீர்மானம் அன்றே விழுந்திருக்கும். 1982-இல் ஒட்டாவாவில் கூடிய உலகச் சீர்திருத்தத் திருச்சபைகளின் கூட்டமைப்பு, நிறவெறிக்கு இறையியல் நியாயம் கற்பிப்பது வேதப்புரட்டு என்று அறிவித்தது. பாவம் என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்ளாமல் புரட்டு என்றே சொன்னார்கள். ஒழுக்கத்தில் தவறியவர் திருந்தலாம். இங்கே தவறியது நம்பிக்கையே என்பது அவர்கள் கண்ட முடிவு.

1989 ஆகஸ்ட் 19 அன்று பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவும் ஆயிரக்கணக்கானவர்களும் கேப் டவுனுக்கு அருகே ஸ்ட்ராண்ட், ப்ளூபர்க்ஸ்ட்ராண்ட் கடற்கரைகளுக்குக் கிளம்பினார்கள். வெள்ளையருக்கு மட்டும் என்று குறித்த மணலில் உட்காருவதும் உண்பதும் நீரில் கால் நனைப்பதும்தான் போராட்டம். காவல்துறை நாய்களோடும் சாட்டைகளோடும் எதிர்கொண்டது. கடவுளின் கடற்கரைகள் கடவுளின் மக்கள் அனைவருக்கும் என்பது அந்தப் போராட்டக் காலத்தின் முழக்கம். அது வெறும் மேடை முழக்கம் அல்ல. நிலம் இறைவனுடையது, அதில் மனிதர் குடியிருக்க வந்தவர்களே என்று லேவியராகமம் பேசுகிறது. அந்த நம்பிக்கையை உண்மையென்று எடுத்துக்கொண்டால், கரையை மூடுகிறவர் தனக்கு உரிமையில்லாத சொத்துக்குப் பூட்டுப் போடுகிறார்.

செப்டம்பர் 3 அன்று டர்பனில் ஆயிரக்கணக்கான கறுப்பின மக்கள் தடைசெய்த பகுதியில் கடலில் இறங்கினார்கள். நவம்பர் 16 அன்று, கடற்கரைகள் எல்லோருக்கும் திறக்கப்படுகின்றன என்று அதிபர் டி கிளர்க் அறிவித்தார். 1990 அக்டோபரில் 1953-ஆம் ஆண்டுச் சட்டமும் நீங்கியது.

தமிழருக்கு அந்த நவம்பர் 16 இன்னொரு வகையிலும் நினைவில் நிற்கவேண்டிய நாள். 1860-இல் அதே தேதியில்தான் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிவந்த ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் வந்தவர்களில் மிகப் பலர் தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். கரும்புத் தோட்டங்களில் உழைத்த அவர்களின் வழிவந்தவர்கள் அந்த மண்ணில் கோயில் கட்டினார்கள், காவடி எடுத்தார்கள், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். கடல் அவர்களுக்குப் பொழுதுபோக்கும் இடம் மட்டுமல்ல; முன்னோரின் சாம்பலைக் கரைக்கும் இடமும்கூட. கப்பலில் வந்து இறங்கிய கடலிலேயே விருப்பமான இடத்தில் குளிப்பதற்கு 129 ஆண்டுகள் காத்திருந்தார்கள்.

அப்படியானால் தடை என்றாலே தீமையா? இல்லை. ஜனவரி முதல் நாள் டர்பன் கடற்கரையைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். லட்சக்கணக்கானோர் கூடுகிறார்கள். ஆண்டு முழுதும் வேலைசெய்த குடும்பங்கள் அதிகாலையிலேயே டாக்சி வேன்களில் வந்து இறங்குகின்றன; பாத்திரம் பாத்திரமாகச் சோறும் கோழியும் கூடவே வரும். குழந்தைகள் கூட்டத்தில் தொலைந்துபோகாமல் இருக்க நகராட்சி ஆட்கள் கையில் பட்டை கட்டிவிடுகிறார்கள். பைகளைச் சோதித்து மதுவை எடுத்துவிடுகிறார்கள். உடைந்த பாட்டில் மணலுக்குள் கிடந்தால் கிழிபடுவது குழந்தையின் பாதம்தான். இங்கே தடை வந்தவரைத் திருப்பி அனுப்புவதில்லை. வந்தவர் பத்திரமாக வீடு திரும்புவதற்கு இருக்கிறது.

நெருப்பு விஷயமும் அப்படித்தான். ப்ராய் என்று அங்கே சொல்லும் சுட்ட இறைச்சி விருந்து எல்லா இனத்தாரும் தம்முடையது என்று உரிமை கொண்டாடுவது. செப்டம்பர் 24 பாரம்பரிய தினத்தை ப்ராய் தினமாகவும் கொண்டாடும் இயக்கத்துக்கு 2007-இல் புரவலராக இருக்க ஒப்புக்கொண்டவர் அதே டூட்டு. சாட்டைக்கு எதிரே கடற்கரையில் நின்றவர், நாடு ஒரே நெருப்பைச் சுற்றி உட்காரட்டும் என்று விரும்பியது இயல்பானதே. ஆனாலும் கேப் பகுதியில் கண்ட இடத்தில் தீ மூட்ட முடியாது. அங்குள்ள ஃபின்போஸ் புதர்க்காடு கோடையில் காய்ந்து கிடக்கும். காற்றும் பலமாக வீசும். 2021 ஏப்ரல் 18 அன்று மலைச்சரிவில் பரவிய தீ கேப் டவுன் பல்கலைக்கழகத்தை எட்டி, ஆப்பிரிக்க ஆய்வு நூல்கள் நிறைந்த ஜாகர் வாசிப்பறையைச் சாம்பலாக்கியது. ப்ராய்க்கென்று கட்டிய மேடையில் மட்டும் நெருப்பு என்ற விதியை அதன்பிறகு குறைசொல்ல யாருக்கும் மனம் வராது.

இன்னொரு தடை, எல்லாவற்றிலும் தெளிவான எடுத்துக்காட்டு. 2001 இறுதியில் அரசு கடற்கரைகளில் பொழுதுபோக்குக்காக வாகனம் ஓட்டுவதைத் தடைசெய்தது. நான்கு சக்கர இயக்க வண்டிகளில் தூண்டிலோடு மணலில் போய்வந்தவர்கள் கொதித்தார்கள். வடகரையிலுள்ள செயிண்ட் லூசியா போன்ற ஊர்களில் சுற்றுலாவை நம்பியிருந்தவர்களுக்கு உண்மையாகவே நட்டம். ஆனால் அந்த வடகரையில்தான் தோணி ஆமையும் பெருந்தலை ஆமையும் ஏறிவந்து முட்டையிடுகின்றன. மணலிலேயே முட்டையிடும் ஆப்பிரிக்கக் கருஞ்சிப்பிபிடிப்பான் பறவைக்கும் சக்கரம்தான் எமன். தடைக்குப்பின் அந்தப் பறவையின் எண்ணிக்கை உயர்ந்தது. இந்த விதி ஆளைப் பார்த்து வரவில்லை. முட்டையைப் பார்த்து வந்தது. அதோடு, அது கட்டுப்படுத்தியது விலையுயர்ந்த வண்டி வைத்திருந்தவர்களை. நடந்து வருகிறவருக்குக் கரை அப்படியே திறந்திருந்தது.

சிக்கல், நல்ல காரணத்தைப் பழைய வெறுப்பு கடன்வாங்கும்போது எழுகிறது. 2016 புத்தாண்டுக்குப் பிறகு டர்பன் கடற்கரையில் குப்பை குவிந்துகிடந்தது உண்மை. அதைக் குறித்து ஃபேஸ்புக்கில் எழுதிய சொத்துத் தரகர் ஒருவர், கறுப்பின மக்களைக் குரங்குகள் என்றார். சமத்துவ நீதிமன்றம் அவருக்கு 1,50,000 ரேண்ட் அபராதம் விதித்து, அதை ஆலிவர், அடிலெய்ட் டாம்போ அறக்கட்டளைக்குச் செலுத்தச் சொன்னது. ஒரு மனிதர் மற்ற மனிதர்களால்தான் மனிதராகிறார் என்ற உபுண்டு சிந்தனை இங்கே இரு பக்கமும் வெட்டும். குப்பையை விட்டுச்செல்கிறவர் நாளை வரப்போகிறவரை மறந்துவிட்டார். ஆனால் குப்பையைக் காட்டி மனிதரையே குப்பையாக்கியவர் செய்தது அதைவிடப் பெரிய மறுப்பு. அள்ளுவதற்கு ஆளும் தொட்டியும் போதுமா என்று கேட்கவேண்டிய இடத்தில், வந்தவர்களே வராமலிருந்தால் நல்லது என்று சொல்வது 1857-இன் குரல்.

அந்தக் குரல் 2018 டிசம்பர் 23 அன்று கேப் டவுனில் மறுபடி கேட்டதாகப் பலர் உணர்ந்தார்கள். கிளிஃப்டன் நான்காம் கடற்கரைக்கு மேலே நாட்டின் மிக விலையுயர்ந்த வீடுகள் வரிசையாக நிற்கின்றன. அன்று இரவு எட்டு மணி வாக்கில் தனியார் பாதுகாவலர்கள் மக்களை மணலிலிருந்து கிளம்பச் சொன்னார்கள். பாதுகாப்புக்காகத்தான், எல்லா நிறத்தாரையும்தான் போகச் சொன்னோம் என்பது அவர்கள் தரப்பு. பொதுக் கடற்கரையை மூடத் தனியாருக்கு அதிகாரம் கிடையாது என்று நகர நிர்வாகம் சொன்னது. ஐந்து நாள் கழித்துப் போராட்டக்காரர்கள் அதே மணலில் ஓர் ஆட்டைப் பலியிட்டார்கள். முன்னோரை அழைத்து, இனவெறியின் தீட்டைக் கழுவும் சடங்கு என்றார்கள். விலங்குரிமை ஆர்வலர்கள் பதாகைகளோடு எதிரே நின்றார்கள்.

இந்தக் காட்சியை எளிதில் தீர்ப்பு சொல்லி நகர்ந்துவிட முடியாது. ஆட்டின் வலி உண்மை. அதற்காக நின்றவர்களின் இரக்கமும் உண்மையாக இருக்கலாம். ஆனால் ஐந்து நாள் முன்பு மனிதர்களை எழுப்பி அனுப்பியபோது பதாகை ஒன்றும் எழவில்லையே என்று போராட்டக்காரர்கள் கேட்டதிலும் வலு இருக்கிறது. கரையில் என்ன செய்யலாம் என்ற விதியை எழுதுகிறவர் பெரும்பாலும் தன் ஓய்வைத்தான் ஓய்வு என்று நினைக்கிறார். படுத்து வெயில் காய்வது அவருக்கு இயல்பு. முழங்காலிட்டு முன்னோரை அழைப்பது தொந்தரவு. சாம்பல் கரைக்க வந்த இந்துக் குடும்பமும், வெள்ளை அங்கியோடு ஞானஸ்நானத்துக்கு வரும் சியோன் திருச்சபையினரும் அதே பார்வையைச் சந்திக்க நேர்கிறது.

கொரோனாவின் இரண்டாம் அலையில், 2020 டிசம்பர் 14 அன்று அதிபர் ராமபோசா, டர்பன் அடங்கிய குவாஸுலு-நாட்டல் மாகாணக் கடற்கரைகளை மூடும் நாட்களை அறிவித்தார்: டிசம்பர் 16, 25, 26, 31, ஜனவரி 1, 2, 3. நோய் உண்மை, கூட்டத்தில் பரவும் என்பதும் உண்மை. ஆனால் தேதிகளைப் பாருங்கள். உழைப்பவருக்கு விடுமுறை கிடைக்கும் நாட்கள்தான் அவை. அந்த அறிவிப்பின்படி வேலை நாளில் வரக்கூடியவருக்குக் கடல் திறந்திருந்தது. விதி நேர்மையான நோக்கத்தோடு வந்தாலும் சுமை ஒரே தோளில் ஏறுவது இப்படித்தான். அப்போது அந்தத் தோளுக்கு என்ன ஈடு செய்கிறோம் என்ற கேள்வியும் மூடுகிறவரின் கடமையில் சேரவேண்டும். காரணம் சொல்வதோடு அவர் பொறுப்பு முடிவதில்லை.

2008-இன் கடலோர மேலாண்மைச் சட்டம் ஜஸ்டினியனுக்கு மிக அருகே திரும்பிவந்திருக்கிறது. கடலோரப் பொதுச்சொத்து குடிமக்களுடையது. அரசு அதை அவர்களுக்காகப் பொறுப்பில் வைத்திருக்கிறது. கரைக்குப் போகும் உரிமை எல்லோருக்கும் உண்டு. அமைச்சரின் ஒப்புதல் இல்லாமல் கட்டணம் வாங்கவும் கூடாது. பொறுப்பில் வைத்திருப்பவர் பூட்டாமல் இருந்தால் மட்டும் போதாது, பாழாகாமலும் காக்கவேண்டும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் குவாஸுலு-நாட்டலில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டர்பனில் கழிவுநீர்க் கட்டமைப்பு சிதைந்து, சாக்கடை ஆறுகள் வழியாகக் கடலில் கலந்தது. ஈ.கோலி கிருமி மிகுந்ததால் கடற்கரைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. அந்தத் தடையில் யார் நிறமும் எழுதியிருக்கவில்லை. வீட்டில் நீச்சல்குளம் உள்ளவர்கள் அந்தக் கோடையிலும் குளித்தார்கள். மற்றவர்களுக்கு எப்போது நீர் சுத்தமாகும், எந்தப் பம்பு நிலையம் எந்த மாதம் சீராகும் என்று நாள் குறித்துச் சொல்லவேண்டிய கடன் நகராட்சிக்கு இருந்தது.