மொழி எவருடைய உடைமை? – கோண்டி மொழியை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

திராவிட மொழிகளின் ஒப்பாய்வில் கோண்டிக்கு நிலையான ஓரிடம் உண்டு. கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திலேயே அம்மொழி இடம்பெற்றது. ஆயின் திருந்தா மொழிகளுள் ஒன்றாக வைக்கப்பட்டது. பின்னர் பரோ, பட்டாச்சாரியா ஆகியோர் தொகுத்த கோண்டிச் சொற்றொகை 1960இலும், பரோ, எமனோ ஆகியோரின் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி 1961இலும் வெளிவந்தன. தமிழ்ச் சொல்லொன்றின் தொன்மையை நிறுவ முற்படும்போதெல்லாம் இந்நூல்களிலிருந்து 'கோ.' என்னும் குறியீட்டோடு ஒரு சொல்லை எடுத்து வைக்கிறோம். அச்சொல்லைத் தந்தவர்க்கு நாம் ஏதேனும் கடன்பட்டுள்ளோமா என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

இவ்வினா நூல்வழி எழுந்ததன்று. ஐதராபாத்தின் மேற்கெல்லையில், பாரத மிகுமின் நிறுவனத் தொழிற்சாலையை ஒட்டி வளர்ந்த ராமச்சந்திராபுரத்தில் வசித்து வருகிறேன். ஆதிலாபாத் மாவட்டத்தைச் சேர்ந்த கோண்டு இளைஞர் ஒருவர், வகுப்பிற்கென நான் வரைந்திருந்த சொல்லட்டவணையைக் கண்டு படித்துக் காட்டச் சொன்னார். உந்தி, ரண்ட், மூந்த், நாலுங் என எண்ணுப்பெயர்களைப் படித்தபோது சிரித்தார். வேறு சில சொற்களைக் கேட்டபின், "இது எந்த ஊர்ப் பேச்சு, சார்?" என்றார். பேதுல் மாவட்ட வழக்கு. அதனைத் திரட்டிய திரெஞ்சு என்னும் ஆங்கிலேயரின் பெயர்ச் சுருக்கத்தாலேயே அகராதி அதனைச் சுட்டுகிறது. இதனை விளக்கினேன். "பேசினவங்க பெயர் இல்லையா?" என்றார். என்னிடம் விடையில்லை.

இதனையொத்த வினா அமெரிக்காவில் வழக்காகவே உருவெடுத்தது. லக்கோத்தா முதியோரின் குரலைப் பதிவு செய்து பாடநூல்களும் அகராதியும் உருவாக்கிய லக்கோத்தா மொழிக் கூட்டமைப்பு, அவற்றின் பதிப்புரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. தம் பாட்டியர் பேசிய சொற்களைத் தாமே விலைகொடுத்து வாங்குவதா எனச் சமூகத்தார் சினந்தனர். ஸ்டாண்டிங் ராக் பழங்குடி மன்றம் 2021இல் அவ்வமைப்பைத் தன் நிலத்தினின்று விலக்கத் தீர்மானித்தது. திரட்டியவர் உழைப்பும் பொய்யன்று. எனினும் அம்முதியோர் தந்தது விற்பனைப் பொருளன்று; பேரப்பிள்ளைகள் பேசவேண்டும் என்னும் நம்பிக்கையில் தந்தது.

அவ்வாறாயின் மொழி அதனைப் பேசுவோரின் உடைமை என முடிவுகட்டலாமா? கோண்டியே இதற்குத் தடையாக நிற்கிறது. ஆதிலாபாத்துக் கோண்டர்களின் குலவரலாற்றைக் கிக்ரி என்னும் நரம்பிசைக் கருவியுடன் பாடிக் காத்தவர்கள் பர்தான்கள். அவர்தம் வீட்டுமொழி மராத்தி, பாடும்மொழி கோண்டி. இவர்களை நம் பாணரோடு ஒப்பிடக் கை துறுதுறுக்கிறது. ஒப்பிட்டால் மீண்டும் அவர்கள் நமக்குச் சான்றாகிவிடுவர் என்பதால் விடுகிறேன். பிறப்பால் தம்முடையதல்லாத மொழியைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்க்கு அதில் உரிமையில்லை என எவர் கூறுவர்?

மொழி எவர்க்கும் உடைமையன்று, வீரமாமுனிவரும் போப்பும் தமிழுக்கு உழைத்ததால் நாம் இழந்தது ஒன்றுமில்லை என்பர் சிலர். வலிமையான மறுப்பே. ஆயின் அவர்கள் வந்தபோது தமிழுக்குத் தொல்காப்பியம் இருந்தது. அவர்கள் எழுதியதைத் திருத்தவும் மறுக்கவும் புலவர் இருந்தனர். கோண்டியைப் பற்றி எழுதியவர்க்கு அவ்வாறு மறுமொழி கூறும் வாய்ப்பு கோண்டர்க்குப் பெரிதும் வாய்க்கவில்லை. அயலார் எழுதியது தவறன்று. எழுதியது திரும்பி வராமையே தவறு.

திருப்பித் தரும் முயற்சிகள் இல்லாமலில்லை. கொமரம் பீம் 1940இல் கொல்லப்பட்ட பின்னர் நிசாம் அரசு ஆதிலாபாத்திற்கு அனுப்பிய மானிடவியலர் ஹைமன்டார்ஃப், 1943இல் மார்லவாயில் கோண்டு ஆசிரியர்க்குப் பயிற்சி மையம் தொடங்கச் செய்தார். கோண்டிப் பாடநூல்கள் தேவநாகரி எழுத்தில் உருவாயின. ஆந்திரப் பிரதேசம் அமைந்தபின் தெலுங்கு அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. பிறர் விருப்பத்தால் வந்தது பிறர் விருப்பத்தாலேயே போயிற்று. குஞ்சாலா ஊரில் முதியோர் சிலர் மட்டுமே அறிந்திருந்த தனி எழுத்துமுறையும் சுவடிகளும் இந்நூற்றாண்டில் வெளிப்பட்டன. ஐதராபாத் பல்கலைக்கழக ஆய்வாளர் துணையுடன் அவ்வெழுத்து மீண்டும் கற்பிக்கப்பட்டது. 2018இல் அது ஒருங்குறியில் இடம்பெற்றது. ஆயினும் 2011 கணக்கெடுப்பின்படி 29 இலட்சத்துக்கு மேற்பட்டோர் பேசும் இம்மொழி, எட்டாம் அட்டவணையில் இன்னும் இல்லை.

அவ்விளைஞர் என் அட்டவணையைத் தெலுங்கு எழுத்தில் எழுதித் தருமாறு கேட்டார், எழுதிக் கொடுத்தேன். தம் ஊர்ப் பெரியவர்களிடம் படித்துக் காட்டப்போவதாகக் கூறிச் சென்றிருக்கிறார். அது திருத்தப்பட்டுத் திரும்பும்வரை, கோண்டிச் சொற்களுக்குரிய பத்தியை வகுப்பில் வெற்றிடமாகவே விட்டுப் பாடம் நடத்துகிறேன். மாணவர் காரணம் கேட்டனர், நடந்ததைக் கூறினேன்.