கட்டிலருகே தொடங்கும் ஆய்வு

மும்பை செம்பூரில் 'பெக்கர்ஸ் ஹோம்' என்று ஓர் அரசு இல்லம் இருக்கிறது. 1959ஆம் ஆண்டின் பம்பாய் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டத்தின்கீழ்ப் பிடிபடுவோரை வைக்கும் இடம் அது. முதல் முறை பிடிபட்டவரையே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை அடைத்து வைக்க அச்சட்டம் வழிசெய்கிறது. காவலும் பேணலும் ஒரே கூரையின்கீழ் குழம்பிப்போகும் இத்தகைய இடத்துக்கு அருகே, தேவனாரில், டாடா சமூக அறிவியல் நிறுவனம் இருக்கிறது. அதன் களப்பணித் திட்டமாக 2006இல் தொடங்கப்பட்ட 'கோஷிஷ்' இந்த இல்லத்தில் இருந்தவர்களிடையே வேலை செய்து பழகியது. ஒரு காப்பகத்தின் பராமரிப்புத் தரத்தை எப்படி அறிவது என்ற கேள்விக்கு நம் நாட்டில் கிடைத்த மிகக் கூர்மையான விடை, பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, இந்தக் குழுவிடமிருந்தே வந்தது. விடையைப் பார்க்குமுன் கேள்வியை அடுக்கடுக்காகப் பிரித்துக்கொள்வோம்.

மருத்துவத் தரத்தை மதிப்பிடுவது பற்றி 1966இல் எழுதிய அவேதிஸ் டொனபேடியன் மூன்று கூறுகளைப் பிரித்துக் காட்டினார்: அமைப்பு, செயல்முறை, விளைவு. அமைப்பு என்பது கண்ணுக்குத் தெரிவது. லிப்ட், சாய்தளம், கழிப்பறையில் பிடிமானக் கம்பி, வந்து போகும் டாக்டர், இரவில் விழித்திருக்கும் ஆட்களின் எண்ணிக்கை. இவை இல்லாமல் நல்ல பராமரிப்பு நடப்பது கடினம். ஆனால் இவை இருப்பதாலேயே அது நடந்துவிடுவதில்லை. முதியோர் இல்லம் தேடி மாட்டுங்காவிலும் செம்பூரிலும் அலையும் குடும்பங்களில் பெரும்பாலானவை இந்த முதல் அடுக்கோடு நின்றுவிடுகின்றன என்பது என் எண்ணம். அரை மணி நேரத்தில் பார்த்து முடிக்கக்கூடியது இது ஒன்றுதான்.

செயல்முறை என்பது ஒரு நாளின் இருபத்துநான்கு மணி நேரம். தானாகப் புரள முடியாதவரை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். பகலில் அதைச் செய்யும் இல்லம் இரவு இரண்டு மணிக்கும் செய்கிறதா? ஆட்கள் ஷிப்ட் முடிந்து போவதற்காக மாலை ஆறு மணிக்கே இரவு உணவைக் கொடுத்து, மறுநாள் எட்டு மணிக்குக் காலை உணவு தந்தால், சர்க்கரை நோய்க்கு மருந்து எடுக்கும் ஒருவர் பதினான்கு மணி நேரம் வெறும் வயிற்றோடு இருக்கிறார். பதிவேட்டில் மூன்று வேளை உணவு என்று சரியாகத்தான் எழுதியிருக்கும். மும்பைத் தமிழருக்கு இங்கே இன்னொரு கவலையும் உண்டு. தாராவியில் ஐம்பது ஆண்டுகள் இந்தி பேசி வியாபாரம் செய்தவர்கூட, மறதி நோய் முற்றும்போது பின்னால் கற்ற மொழியை இழந்து தமிழுக்கே திரும்பிவிடுவது உண்டு. அவர் தண்ணீர் கேட்டால் மராத்தி பேசும் மௌசிக்கு, அதாவது ஆயாவுக்கு, புரியுமா என்பதும் பராமரிப்பின் தரம்தான். வாழ்நாள் முழுதும் பில்டர் காபி குடித்தவருக்கு மசாலா டீயை நீட்டுவதை எந்தப் படிவமும் குறையாகக் கொள்ளாது, நான் கொள்வேன்.

விளைவு என்பது இவற்றின் பலன் உடலில் தெரிவது. படுக்கைப் புண்கள், கீழே விழுதல், எடை. காரணமின்றி ஒரே மாதத்தில் உடல் எடையில் நூற்றுக்கு 5 பங்கு குறைந்தால் அது கவனிக்க வேண்டிய அறிகுறி. ஆகவே மாதாந்திர எடைக் குறிப்பு இருக்கிறதா என்று கேட்பது ஏசி அறை இருக்கிறதா என்று கேட்பதைவிடப் பயனுள்ளது. ஆனால் விளைவின் எண்களை அப்படியே நம்பிவிடவும் கூடாது. நடமாடுபவர்களை மட்டும் சேர்க்கும் இல்லத்தில் புண்கள் குறைவாகவே இருக்கும். படுத்த படுக்கையானவர்களை ஏற்கும் இல்லம், எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டாலும், எண்ணிக்கையில் பின்தங்கும். யாருமே விழாத இல்லத்தில் எல்லோரையும் கட்டிலோடு கட்டி வைத்திருக்கலாம், தூக்க மாத்திரை கொடுத்துக் கிடத்தியிருக்கலாம்.

இந்த மூன்றுக்கும் அடியில் நான்காவதாக ஒரு கேள்வி இருக்கிறது: இவற்றையெல்லாம் யார், யாரிடம் கேட்டு அறிகிறார்கள்?

பிகார் அரசு தன் மாநிலத்துக் காப்பகங்களைச் சமூகத் தணிக்கை செய்யும் பணியைக் கோஷிஷ் குழுவிடம் ஒப்படைத்தது. குழு 35 மாவட்டங்களில் 110 இல்லங்களைப் பார்த்து 2018 ஏப்ரலில் அறிக்கை தந்தது. நன்றாக நடந்த இல்லங்களையும் அது குறிப்பிட்டது. முசாபர்பூர் சிறுமியர் இல்லத்தில் பாலியல் வன்முறை நடப்பதாகவும் சொன்னது. மருத்துவப் பரிசோதனை முப்பதுக்கும் மேற்பட்ட சிறுமியரிடம் அதை உறுதி செய்தது. 2020 ஜனவரியில் தில்லி நீதிமன்றம் 19 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்த்தது. அவர்களில் அம்மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவில் இருந்தவர்களும் குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரியும் அடங்குவர். அதாவது, அந்தக் குழந்தைகளின் நலனுக்குப் பொறுப்பானவர்களே.

ஆய்வு என்ற ஒன்று சட்டத்தில் இல்லாமல் இல்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் குழந்தைகள் இல்லங்களைக் குழுவாகச் சென்று ஆய்வு செய்யச் சொல்கிறது. தேவனாரிலிருந்து போனவர்கள் வேறாகச் செய்தது, ஊழியர்கள் இல்லாத இடத்தில் உள்ளே வாழ்பவர்களோடு உட்கார்ந்து அவர்கள் பேசுவதைக் கேட்டதுதான். சோறு போடும் கையைப் பற்றி அந்தக் கைக்கு எதிரிலேயே யாரும் குறை சொல்லமாட்டார்கள். "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்றே பதில் வரும். "நேத்து ராத்திரி பாத்ரூம் போக யார் கூட வந்தாங்க? கூப்பிட்டு எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று கேட்டால் தகவல் வரும்.

முதியோர் இல்லங்களின் நிலை குழந்தைகள் இல்லங்களைவிடவும் தளர்வானது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, மாவட்டத்துக்கு ஒன்றாக, ஆதரவற்ற 150 பேருக்கேனும் இடமுள்ள இல்லங்களை மாநில அரசுகள் தேவைக்கேற்ப அமைக்கலாம் என்கிறது. தனியார் இல்லங்களையும் பதிவுசெய்து குறைந்தபட்சத் தரம் வகுக்க 2019 டிசம்பரில் மக்களவையில் ஒரு திருத்த மசோதா வந்தது, அது சட்டமாகவில்லை. ஆகவே இன்றைய நிலையில் முதியோர் இல்லத்துக்குத் தவறாமல் வரக்கூடிய ஆய்வாளர், உள்ளே இருப்பவரின் மகனோ மகளோதான்.

அந்த வேலையைச் சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்திடும் நாளோடு முடித்துவிடாதீர்கள். சொல்லாமல் போங்கள், ஞாயிறு காலையில் அல்ல, வேலைநாளின் இரவுச் சாப்பாட்டு நேரத்தில். ஆள் வந்து போகும் கட்டிலை எந்த இல்லமும் கொஞ்சம் கூடுதலாகவே கவனிக்கும். அதனால் உங்கள் அம்மாவிடம் பேசி முடித்ததும், பார்க்க யாருமே வராத பக்கத்துக் கட்டில்காரரிடமும் சற்று உட்கார்ந்து, நேற்று இரவு எப்படிப் போயிற்று என்று கேளுங்கள்.