குடைராட்டினமும் கைப்பம்பும்

தென்னாப்பிரிக்காவில் உருவான ‘ப்ளேபம்ப்’ பற்றி முதன்முதலில் கேட்பவர் எவருக்கும் அது பிடித்துவிடும். பிள்ளைகள் குடைராட்டினத்தில் சுற்றி விளையாடுவார்கள். அந்தச் சுழற்சியில் நிலத்தடி நீர் மேலேறித் தொட்டியை நிரப்பும். மின்சாரம் வேண்டாம், டீசல் வேண்டாம். 2000இல் உலக வங்கியின் விருது கிடைத்தது. 2006இல் அமெரிக்காவில் 1.64 கோடி டாலர் உதவி அறிவிக்கப்பட்டது.

ஒரு பம்பு 2,500 பேருக்கு நீர் தரும் என்றார்கள். அதற்குப் பிள்ளைகள் நாளொன்றுக்கு 27 மணிநேரம் சுற்றவேண்டும் என்று 2009இல் ‘கார்டியன்’ நாளிதழ் கணக்குக் காட்டியது. பிள்ளைகள் களைத்து விலகிய பிறகு, பெண்கள் குனிந்து ராட்டினத்தைத் தள்ளினார்கள். சில ஊர்களில், ஓடிக்கொண்டிருந்த கைப்பம்பைக் கழற்றிவிட்டு இதைப் பொருத்தியிருந்தார்கள்.

இதில் யாரும் மோசடிக்காரர் அல்லர். நல்ல மனமும் பணமும் இருந்தன. பிறகு எங்கே பிழை?

மென்பொருள் ஆலோசனை என் தொழில். செயல்விளக்கத்துக்குக் கைதட்டுபவர் ஒருவர், அந்த மென்பொருளோடு நாள்முழுதும் மல்லுக்கட்டுபவர் வேறொருவர் என்பதை அடிக்கடி காண்கிறேன். ஆனாலும் காசு கொடுத்து வாங்கியவர் சண்டைபோடலாம், ஒப்பந்தத்தை முறிக்கலாம். கொடையாக வந்த ராட்டினத்தை அந்தப் பெண்கள் யாரிடம் திருப்பிக் கொடுப்பார்கள்?

ஊருக்குச் சூரிய விளக்கும் நீர் வடிகட்டியும் அனுப்ப ஆசைப்படும் நமக்கும் இந்தக் கேள்வி உரியது. “அதெல்லாம் வேண்டாம், பழைய பம்புக்கு ஒரு வாஷர் வாங்கித் தாருங்கள்” என்று அவர்கள் கேட்டால், அதே உற்சாகத்தோடு கொடுப்போமா?