அந்த இரவு நேரம் யாருடையது?

பகலெல்லாம் அலுவலகம், பிள்ளைகள் உறங்கியபின் கைப்பேசித் திரையில் பாடம். வேறு தொழிலுக்கு மாற விரும்பி, நாற்பது வயதில் மீண்டும் மாணவராகும் பெற்றோர் நம்மிடையே உண்டு. 1985இல் நிறுவப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பாடங்களை அஞ்சலில் அனுப்பிற்று. 2017இல் வந்த நடுவணரசின் 'சுவயம்' தளம் வகுப்பையே வீட்டிற்குள் கொணர்ந்தது. சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் படிப்புக்கு வயது வரம்பில்லை. தேர்வுகளை மட்டும் மையத்திற்குச் சென்று எழுதவேண்டும். கதவு திறந்திருக்கிறது. ஆனால் படிக்கும் அந்த நேரம் யாருடையது?

"பிள்ளைகளுக்காகத்தான் படிக்கிறேன்" என்று எளிதில் சொல்லிவிடுகிறோம். பாதி உண்மைதான். ஆயினும் அச்சொல், பிள்ளை கேட்காத கடனை அதன் தலையில் ஏற்றிவைக்கிறது. நாளை மதிப்பெண் குறையும்போது, "உனக்காகத்தானே கண்விழித்தேன்!" என்று அக்கடனை வட்டியோடு வசூலிப்போம். "எனக்குக் கற்க ஆசை, வேறு வேலை செய்ய விருப்பம்" என்று சொல்வதில் என்ன குற்றம்? தன்னலம் என்பார்களோ என்னும் அச்சந்தான். அவ்வச்சம் தாய்க்கே மிகுதி. தந்தை படித்தால் முன்னேற்றம் எனப் பாராட்டும் சுற்றம், தாய் படித்தால் அடுப்பை யார் பார்ப்பது என்கிறது. (கேட்பவர் பெரும்பாலும் சமைக்கத் தெரியாதவர்!)

நேரம் யாரிடமிருந்தோ எடுக்கப்படத்தான் செய்கிறது. ஞாயிறு மாலை அம்மா படிப்பாள், அப்பா சமைப்பார் என்று பிள்ளைகளையும் அமர்த்திப் பேசி முடிவு செய்த வீட்டில், பிள்ளை தான் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று அறிந்தே விட்டுக்கொடுக்கிறது. வேண்டாமென்றால், அதைச் சொல்லவும் அதற்கு வாய் இருக்கிறது.